எங்கள் ஊரின் உபரி விடுதலைகள்

நாடே ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி, மிட்டாயைச் சப்பி முடித்து, மறுநாள் வேலையைப் பார்க்கப் போகும்போது, புதுச்சேரிப் பிள்ளைகளான எங்களுக்கு மட்டும் 16ஆம் தேதி இன்னொரு கொடியும் இன்னொரு மிட்டாயும் இருந்தன. ஏனென்று வாத்தியார் விளக்கத்தான் செய்தார்: ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1, 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் தலையாட்டி, சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. எங்கள் காதில் ஏறியதென்னவோ லீவு மட்டும்தான்.

திண்ணைப் பெரியவர்களுக்கு இது லீவு விஷயமில்லை. ‘பத்திரம் பதிவான நாளா பெருசு, வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்ச நாளா?’ என்று நவம்பர் கட்சிக்காரர் கேட்பார். கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்த கதை வரும். மிச்ச எட்டுப் பேரைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். மில்லில் வேலை பார்த்தவரோ, 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் செத்த 12 தொழிலாளர்களை விட்டுவிட்டு என்னய்யா விடுதலை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

வெட்கத்தைவிட்டுச் சொன்னால், எனக்குப் பிடித்தது இவற்றில் எதுவுமில்லை, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை 14தான். பாஸ்தி கோட்டை எங்கே இருக்கிறது, அதை யார் இடித்தார்கள் என்றெல்லாம் தெரியாமலே, முந்தின இரவு காகித விளக்கு ஊர்வலத்தின் பின்னால் ஓடி, மெழுகு சொட்டிக் கை சுட்டு, யாருடைய விளக்காவது பற்றி எரியாதா என்று நல்ல மனசோடு காத்திருந்து, மறுநாள் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் எங்கள் தெரு ‘சொல்தா’ (சிப்பாய்) தாத்தா, நாப்தலீன் மணக்கும் கோட்டில் பதக்கங்கள் குலுங்கப் போர் நினைவிடத்துக்கு நடந்துபோவதை வாய்பிளந்து பார்த்தவன் நான். வெள்ளைக்காரன் போன நாளைவிட அவன் புரட்சி செய்த நாள் எங்களுக்கு ருசியாக இருந்தது.

நவம்பர்க் கட்சிக்கு 2014இல் விடிந்தது. அரசே அதை விடுதலை நாள் என்றது. ஆகஸ்ட் 16ஐயும் விட மனசில்லை, அதுவும் இருக்கிறது. விழா நடக்கும் கடற்கரைச் சாலைக்குப் பெயர் குபேர். பிரெஞ்சுக்காரர்களின் ஆளாக இருந்து, 1954இல் காற்று திரும்பியதும் தானும் திரும்பி, பிறகு முதல்வரும் ஆனவர். தியாகிகளுக்குச் சந்து கிடைத்தாலே பெரிது. நேரம் பார்த்துத் திரும்பியவருக்குக் கடலே கிடைத்தது!

அன்று சாயங்காலமானால் ஆளரவமின்றி, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரோரம் பம்பரம் விட்ட தெருக்களுக்கெல்லாம் இன்று மஞ்சள் வண்ணம் பூசி, பிரெஞ்சுப் பெயர்ப்பலகை மாட்டி, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். விரட்டிய பிரெஞ்சுக்காரனை வைத்துத்தான் பிழைப்பு. ஆகஸ்ட் 15, 16 வெள்ளி, சனியாக அமைந்துவிட்டால் சென்னை, பெங்களூர் கார்கள் அத்தனையும் இங்கேதான். பால் வாங்கப் போனாலும் திரும்பி வரும்போது வாசலில் எவனாவது வண்டியை நிறுத்தியிருப்பான். ஆகவே விடுதலை நாட்களில் நாங்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.