சாக்கினுள் இடத்தக்க பொருள்கள்: மாலி வப்பி கதையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஸ்காட்லாந்து வாய்மொழி வழக்கிலிருந்து பெறப்பட்டு, ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் வெளியிட்ட ஆங்கில நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இடம்பெற்ற மாலி வப்பி கதையைப் படிப்போர், அச்சிறுமியின் துணிவை மெச்சுவதோடு நின்று, அரக்கன் அவளை அடைத்த சாக்கினுள் என்னென்ன இருந்தன என்பதைக் கவனியாது விடுவது பெருங்குறையாகும். நாட்டுப்புறக் கதைகளுக்கு வகை எண் வழங்கும் ஆர்னே–தாம்சன்–ஊத்தர் அட்டவணை இதனை 327பி என்னும் எண்ணின்கீழ், ‘சகோதரர்களும் அரக்கனும்’ என்ற தலைப்பில் அடக்குகிறது. அரக்கனை வென்றவள் பெண்ணாயிற்றே என்று அட்டவணையோடு வழக்காடுவதில் பயனில்லை.

காட்டில் கைவிடப்பட்ட மூன்று சகோதரிகளுள் இளையவளான மாலி, அரக்கன் வீட்டில் தங்கிய இரவில் தங்கள் கழுத்து வைக்கோல் கயிறுகளை அவன் மகள்களின் பொற்சங்கிலிகளோடு மாற்றித் தப்பியதையும், பின்னர் அரசன் கேட்டபடி வாளையும் பணப்பையையும் கவர்ந்து ஒற்றை முடியாலான பாலத்தைக் கடந்ததையும் இங்கு விரிக்க வேண்டியதில்லை. (தலைமுடி ஒன்று ஏறத்தாழ 100 கிராம் எடையே தாங்கும் என்பதால், பாலத்தைப் பொறியாளர்களிடம் விட்டுவிடுதல் நலம்.)

மூன்றாம் முறை மோதிரத்தைக் கவர்கையில் பிடிபட்டவளிடம், தன் நிலையில் அவள் இருந்தால் என்ன தண்டனை தருவாள் என்று அரக்கன் கேட்டான். ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளை ஒப்பந்ததாரரையே எழுதித்தரச் சொல்வதை ஒத்த இந்நடைமுறையின் பயனாக, பூனை, நாய், ஊசி, நூல், கத்தரிக்கோல் ஆகிய ஐந்தும் அவளோடு சாக்கினுள் புகுந்தன. சாக்கைச் சுவரில் மாட்டிவிட்டு, இருப்பதிலேயே தடித்த கம்பைத் தேடி அவன் காட்டுக்குப் போக வேண்டும் என்பதும் அவள் யோசனையே; இந்த ஐந்தில் ஒன்றேனும் அடிப்பதற்கு உதவுமா என்று அவன் எண்ணிப்பார்க்கவில்லை.

கத்தரிக்கோல் சாக்கைக் கிழித்து வெளிவருவதற்கும், ஊசியும் நூலும், உள்ளே ஏதோ அதிசயம் தெரிவதாக அவள் சொன்னதை நம்பி ஆவலோடு ஏறிய அரக்கன் மனைவியை உள்ளே வைத்துத் தைப்பதற்கும் பயன்பட்டன. எஞ்சிய நாயும் பூனையும் குரல்மறைப்புக் கருவிகள், அதாவது ஒருவர் குரலை இன்னாருடையது என்று அறியவிடாமல் வேறு ஒலிகளால் மூடுபவை. அரக்கன் கம்பால் விளாச, நாய் குரைத்த குரைப்பிலும் பூனை கத்திய கத்தலிலும், உள்ளிருந்து அலறுபவள் தன் மனைவி என்பது அவனுக்கு விளங்கவில்லை.

ஆனால், முதல் நாளிரவு ரொட்டியும் பாலும் தந்து, பிள்ளைகளைத் தொடவேண்டாம் என்று கணவனைத் தடுத்தவளும் அந்த அம்மாளே. அரசகுமாரனை மணந்த மாலி அவளுக்கு ஏதேனும் கைம்மாறு செய்ததாகக் கதையில் ஒரு சொல்லும் இல்லாமையால், கூர்மதிக்கு முழு மதிப்பெண்ணும் நன்றியறிதலுக்குச் சுழியமும் இடுவதே முறையான மதிப்பீடு.