அறிவு மாமா வந்திருக்கிறார்

மே பிறந்து, அக்னி நட்சத்திரமும் தொடங்கி, பிள்ளைகளெல்லாம் ஆச்சி வீட்டில் கூடிவிட்டால் அறிவு மாமா வந்து இறங்குவார். மற்ற மாமாக்கள் வந்தால் பை மணக்கும். அல்வாவோ மிக்சரோ, எண்ணெய் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். இவர் பை மணக்காது. குலுக்கினால் சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதுமே விவரமான பிள்ளைகள் மாடிக்கு ஏறிவிடுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள்தான் பாவம், ஆசையாக ஓடிப்போய் மாட்டுவார்கள்.

எங்கள் வீட்டு அறிவு மாமா என் கூடப்பிறந்த அண்ணன். சென்னையில் இருக்கிறார். பொம்மைக் கடைக்குப் போனால் பொம்மையைப் பார்க்க மாட்டார், பெட்டியின் பின்பக்கத்தைப் படிப்பார். "தம்பி, இது எந்தத் திறனை வளர்க்கும்?" என்று கடைப்பையனைக் கேட்பார். "எல்லாத் திறனும் வளரும் சார், பத்து பர்சன்ட் தள்ளுபடியும் உண்டு" என்பான் அவன். பெட்டியில் 8 வயது என்று போட்டிருந்தால் 6 வயதுப் பிள்ளைக்கு வாங்குவார். வளர்கிற பிள்ளைக்கு யூனிபார்ம் சட்டையைத் தொளதொளவென்று தைத்துப் போடுவோமே, அந்தக் கணக்கு. பேட்டரி மட்டும் வாங்கவே மாட்டார். பெட்டியைப் பிரித்த பிறகுதான், "அடடா, ரெண்டு பென்சில் பேட்டரி வேணுமே" என்று கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்பார்.

கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் தேவலை. பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரு வருஷம் ரூபிக் கனசதுரம். "ஏல, யோசிச்சுத் திருப்புல" என்று என் மகனுக்குப் பத்து நிமிஷம் கெடு வைத்தார். 1974இல் அதைச் செய்த எர்னோ ரூபிக், புடாபெஸ்டில் கட்டடக்கலை வாத்தியார். தான் செய்த சாமானைத் தானே கலைத்துவிட்டு மறுபடி சேர்க்க அவருக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான் இதைச் சொன்னேன். "அவருக்குச் சொல்லிக்கொடுக்க மாமா இல்லையே" என்றார் அண்ணன். ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பின்கட்டு விளக்கடியில் ஒரு கையில் செல்போன், மறு கையில் கனசதுரம் என்று உட்கார்ந்திருந்தார். பச்சைப் பக்கம் மட்டும் சேர்ந்திருந்தது.

அடுத்த வருஷம் இந்திய வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டிய ஜிக்சா. இது பழைய தந்திரம்தான். 1760களிலேயே லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்கிற வரைபடக்காரர் பூகோளம் கற்பிக்க வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, எல்லைக் கோட்டோடு அறுத்து விற்றிருக்கிறார். அவர் வீட்டில் மேசை ஆடியதோ என்னவோ தெரியாது. எங்கள் வீட்டில் ஆடும். ஜார்க்கண்டை அதன் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம். நாலாக மடித்த காகிதத்தைவிட நன்றாகவே நிற்கிறது.

ஊர் வாங்கி வாடகை வசூலிக்கிற 'டிரேடு' ஆட்டம் வந்த வருஷத்தை மதினி இன்னும் மறக்கவில்லை. அதன் மூதாதையைச் செய்தவர் எலிசபெத் மாகி என்கிற அமெரிக்கப் பெண்மணி. நிலமெல்லாம் ஒருத்தர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் என்ன கதிக்கு ஆளாவார்கள் என்று புரியவைக்கத்தான் 1904இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். புரிந்ததென்னவோ மாமாவுக்கு மட்டும்தான். என் மகள் நாலு ஊரை வளைத்துப்போட்டு, மாமாவை வாடகைக்கு வாடகை கறந்து, கடைசியில் கடனாளியாக்கிவிட்டாள். பேங்கில் இருந்தவன் கள்ளக்கணக்கு எழுதினான் என்று 7 வயதுப் பையனோடு சண்டை போட்டுவிட்டு, அன்று ராத்திரி மாமா சாப்பிடவில்லை.

பல்லாங்குழி கதை இன்னும் மோசம். பளபளவென்று பாலிஷ் போட்ட பலகை, துணிப்பையில் சோழி, கணக்கறிவு வளரும் என்று ஒரு அட்டை. "எவ்வளவுய்யா?" என்றாள் அம்மா. சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. கட்டிலுக்கடியில் இருந்து தன் பழைய பலகையையும் புளியங்கொட்டை டப்பாவையும் இழுத்தாள். குழிக்கு 5, 14 குழிக்கு 70. "உக்காருய்யா, ஆடுவோம்." அண்ணன் அட்டையைப் படித்துப் படித்து ஆட, அம்மா அவர் முகத்தைப் பார்த்து ஆடினாள். நாலு சேர்ந்த குழியையெல்லாம் "பசு, பசு" என்று அள்ளிக்கொண்டே போனாள். மாடியில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் இறங்கி வந்தது அன்றைக்குத்தான்.

ஒரே ஒரு வருஷம் அண்ணன் ஜெயித்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா, குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டுகிறவர், 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவரைப் பற்றி அண்ணன் எங்கோ படித்துவிட்டார். அந்த மே மாதம் பை நிறைய உறிஞ்சு குழல், தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப். "குப்பையக்கூட ரயிலேத்திக் கொண்டாந்திருக்காகளே!" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் குழல் நுனியை நசுக்கி, இரண்டு பக்கமும் சீவிவிட்டு ஊதினால் பீப்பீ என்கிறது. ஊத ஊத மறு நுனியை நறுக்கிக்கொண்டே போனால் சத்தம் மேலே மேலே ஏறுகிறது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று நாள் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. அந்த வெற்றியைப் புரிந்துகொள்ளாமல், அடுத்த வருஷமே பெட்டிச் சாமானுக்குத் திரும்பிவிட்டார் அண்ணன்.

போன மே மாதம் கரன்ட் மணி செட். ஒயரைச் சேர்த்து மணி அடிக்கவைத்து, மின்சுற்று பற்றி அரை மணி நேரம் பேசினார். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அம்மா மட்டும் முழுதாகக் கேட்டாள். இப்போது மணி அடுப்பங்கரையில் இருக்கிறது, ஸ்விட்ச் அவள் கட்டில் தலைமாட்டில். ஒருதரம் அடித்தால் காப்பி, இரண்டுதரம் அடித்தால் வெந்நீர்.

இந்த வருஷம் ரோபோ கொண்டுவரப் போகிறாராம். உங்கள் வீட்டிலும் ஓர் அறிவு மாமா இருந்தால், ரயில் ஏறுவதற்குள் போன் போட்டு பேட்டரியையும் வாங்கி வரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக் கடிகாரம் போன மே மாதத்திலிருந்து எட்டே காலிலேயே நிற்கிறது.