நாற்காலிக்குப் பின்னால் நிற்போர்: டிசைனர் உருவாகும் விதம் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

போட்டோஷாப் கற்ற ஒருவர் எந்தக் கணத்தில் டிசைனர் ஆகிறார்? சான்றிதழ் வாங்கும் நாளில் என்பது பயிற்சி மையத்தாரின் கொள்கை. முதல் சம்பளத்தன்று என்பது பெற்றோர் கொள்கை. இவ்விரண்டையும் இவ்வாய்வு மறுக்கிறது. முதல் வாடிக்கையாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையை விரலால் அழுத்தித் தொட்டு, "தம்பி, இதக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்று சொல்லும் கணமே அது என்பது நம் கருதுகோள். ஆய்வுக்களம், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டி இயங்கும் ஃபிளெக்ஸ் கடைகள். விளம்பர நிறுவனங்களில் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்குள் ஒளிந்துகொள்வதால் அவை விலக்கப்பட்டன.

வரலாற்றுப் பின்புலம்

ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் 1985-இல் வந்தது. கோரல்டிரா 1989-இல் வந்தது. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப்பை 1990-இல் அடோபி வெளியிட்டது. டிசைனர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார் என்று இவர்கள் அனைவரும் நம்பியிருக்கிறார்கள் என்பதற்கு அகச்சான்றுகள் உண்டு. 1994-இல் மூன்றாம் பதிப்பில் லேயர் வரும்வரை போட்டோஷாப்பில் ஒட்டியது ஒட்டியதுதான். 2018 அக்டோபரில் வந்த பதிப்புக்கு முன்புவரை கன்ட்ரோல் இசட்டை ஒருமுறை அழுத்தினால் செய்தது நீங்கும். மறுமுறை அழுத்தினால் நீங்கியது திரும்பி வந்துவிடும். இன்னும் பின்னே போக ஆல்ட் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். "மொதல்ல வெச்சதே நல்லாருந்துச்சே" என்று சொல்லும் ஒரு பெரியப்பா பின்னால் நிற்பார் என்று அறிந்தவர் எவரும் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்க மாட்டார்.

நேர்முகத் தேர்வு

பயிற்சி மையத்திலிருந்து வெளிவருபவர் கையில் மூன்று படைப்புகள் தவறாமல் இருக்கும்: பென் டூலால் வெட்டிய ரோஜா, புலித்தோல் போர்த்திய மனித முகம், தீப்பொறி பறக்க நடந்து வரும் நடிகர். கடை முதலாளி இவற்றில் எதையும் பார்ப்பதில்லை. அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "பாமினி அடிப்பீங்களா?"

இக்கேள்வியின் ஆழத்தைப் புறத்தார் அறியார். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றியவை. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் 'அம்மா'கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடப்பாள். யூனிகோடு வந்த பிறகும் ஏன் இது? பழைய போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழைத் தட்டினால் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் விழும். புதிய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தால் சரியாகிவிடும். ஆனால் முதலாளி காலங்காலமாகச் சேர்த்துவைத்த அலங்கார எழுத்துருக்கள் யாவும் பழைய முறையிலானவை. அவற்றைக் கைவிடச் சொல்வது வேலை கேட்டு வந்தவருக்கு அழகன்று.

பின்னிற்போர் வகைப்பாடு

பின்னிற்போர் மூவகையர். முதலாமவர் நிறக்காரர். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளால் நிறம் காட்டுகிறது; அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் காட்டுகிறது. திரையில் கண்ணைப் பறித்த கிளிப்பச்சை ஃபிளெக்ஸில் வெளுத்துப்போவது இயற்பியல். நிறக்காரர் இயற்பியலை ஏற்பதில்லை. "அந்தப் பச்சைய எங்க தம்பி வெச்சீங்க?" என்று தேடுவார்.

இரண்டாமவர் இடக்காரர். வெற்றிடம் கண்ணுக்கு ஓய்வு தரும் என்று டிசைன் பாடம் சொல்லும். ஃபிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் காசு கொடுப்பவருக்கு வெற்றிடம் நட்டம். "சும்மாதான கெடக்கு, ரெண்டு புறா விடுங்க" என்னும் அவர் வாதத்தில் பொருளியல் பிழை ஏதும் காணப்படவில்லை.

மூன்றாமவர் முறைக்காரர். எது முக்கியமோ அது பெரிதாக இருக்க வேண்டும் என்பதே டிசைன் விதி. காதணி விழா ஃபிளெக்ஸில் தாய்மாமன் படம் சித்தப்பா படத்தைவிட எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அவ்விதி சொல்லாது. கீழ்வரிசை நண்பர்கள் அனைவரும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். ஒருவர் கழுத்துவரை தெரிந்து இன்னொருவர் மார்புவரை தெரிந்தால் பகை மூளும்.

கள நிகழ்வு

இரவு கடை சாத்தும் நேரம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு குடும்பம் வந்தது. பெரியவரின் படம் என்று இருந்தது ஒரு கல்யாண குரூப் போட்டோ மட்டுமே. அதில் அவருடைய இடக்காது முன்னால் நின்ற பெண்ணின் மல்லிகைப் பூவுக்குள் மறைந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த டிசைனர் வலக்காதை எடுத்துத் திருப்பி ஒட்டினார். முகம் சற்றே ஒருபக்கம் சாய்ந்திருந்ததால் காது உட்காரவில்லை. "என்னமோ மாதிரி இருக்கே" என்றார் மகள். குளோன் ஸ்டாம்ப், வார்ப், கர்வ்ஸ் எல்லாம் வரிசையாகத் தோற்றன.

டிசைனர் எழுந்து திரும்பினார். பின்னால் நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூத்த மகனை டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தி, "அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்க" என்று அவர் காதை மொபைலில் படம் எடுத்தார். அதைச் சுருக்கி, நிறம் மங்கவைத்து, மாஸ்க் போட்டுப் பொருத்தினார். "இப்பதான் அப்பா மாதிரி இருக்கு" என்றார் மகள். அன்று நிறம் பற்றியோ இடம் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை.

அவர் பயன்படுத்திய கருவிகள் அனைத்தும் பாடத்திட்டத்தில் உள்ளவை. எழுந்து திரும்பிப் பார்ப்பது மட்டும் இல்லை. ஆகவே நம் கருதுகோளைத் திருத்த வேண்டியிருக்கிறது: ஒருவர் பின்னால் வந்து நிற்பதால் மட்டும் நாம் டிசைனர் ஆவதில்லை, அவரை நாம் திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

பரிந்துரைகளும் மேலாய்வும்

பயிற்சி மையங்களின் செய்முறைத் தேர்வில் தேநீர் டம்ளருடன் ஒரு தாய்மாமனைப் புறத்தேர்வாளராக நிற்க வைக்கலாம். சான்றிதழுடன் திரை துடைக்கும் துணி ஒன்றும் வழங்கலாம்.

2013-இல் கேன்வா வந்தது. இப்போது வாடிக்கையாளர் நிற்பதே இல்லை. தானே போனில் செய்து, "முடிச்சிட்டேன் தம்பி, பிரிண்ட் மட்டும் போடுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். டிசைனர் இனம் அழியும் என்று சிலர் அஞ்சுகின்றனர். வாட்ஸ்அப் சுருக்கிக் கொடுத்த அந்தப் படம் பத்தடி ஃபிளெக்ஸாக விரியும்போது தாய்மாமன் முகம் கட்டங்கட்டமாகத் தெரியும் என்பதால், வேலைவாய்ப்புக்கு உடனடி ஆபத்து இல்லை என்று இவ்வாய்வு துணிகிறது.