கறிவேப்பிலைக்கு ஓர் அறை

ரொறன்ரோவின் வீட்டுத் தோட்டங்களில் குளிர்கால ஆயத்தம் செப்டம்பர் கடைசியில், இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது ஆரம்பமாகிறது. தோட்டக்கலைக் கையேடுகள் செடிகளை ஓராண்டுச் செடி, பல்லாண்டுச் செடி என்று பிரிக்கின்றன. ஸ்காபரோவின் தமிழ் வீடுகளில் அந்தப் பிரிவு செல்லாது. அங்கே கறிவேப்பிலை ஒரு சாதி, மற்றதெல்லாம் இன்னொரு சாதி.

மற்றவற்றின் கதை சீக்கிரம் முடியும். பாகல், புடலை, பயற்றங்காய் ஆகியவை முதல் உறைபனியிலேயே கருகிவிடும். அந்த இரவு பெரும்பாலும் அக்டோபரில் வரும். கொடிகளை அறுத்து, பந்தலைக் கழற்றி, கம்புகளைக் கராஜில் அடுக்க வேண்டும். அதற்கு முன்பே விதைக்கென்று விட்டுவைத்த காயைப் பறித்துவிட வேண்டும். கோடை முழுவதும் வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று காவல் காக்கப்பட்ட காய் அது. விதைகள் காய்ந்ததும் பழைய மின்கட்டண உறைகளுக்குள் போகும். உறையின் மேல் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. அடுத்த மே மாதத்தில் எது பீர்க்கு, எது சுரை என்பது குடும்பத்துக்குள் விவாதப் பொருளாகும்.

பழுக்காத தக்காளியைத் தாளில் சுற்றி, ஓர் ஆப்பிளோடு பெட்டியில் வைத்தால் ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு அதைப் பழுக்கவைக்கும். பொறுமையில்லாதவர்கள் காயாகவே சட்னி அரைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அதுவே நல்ல முடிவு.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, உறைபனி தாங்காது. அதன் அறிவியல் பெயரில் இருப்பவர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக். பால்டிக் பகுதியின் குளிரில் பிறந்து, 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். மனிதர் அங்கிருந்து வெயிலுக்கு வந்தார், செடி இங்கிருந்து பனிக்குப் போயிருக்கிறது. கணக்கு எப்படியோ நேராகிவிட்டது.

உள்ளே கொண்டுவருமுன் இலைகளை இருபுறமும் மெல்லிய சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். தவறினால் செதிள்பூச்சியும் செஞ்சிலந்தியும் கூடவே குடிவந்து, ஹீட்டரின் வறண்ட சூட்டில் வம்சம் பெருக்கும். அடுத்தது இடம். தெற்கு பார்த்த ஜன்னல்தான் சரி. அங்கே ஏற்கெனவே சோபா இருக்கும், சோபா நகரும். டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம்தான் என்பதால் சிலர் ஊதா நிற விளக்கும் பூட்டுகிறார்கள். எதிர்வீட்டார் இதைப் பார்த்து வேறு ஏதோ பயிர் என்று நினைத்துக்கொள்வதைத் தடுக்க வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் நவம்பரில் அது இலையைக் கொட்டும். வெளிச்சம் குறைந்ததால் வரும் ஓய்வு அது, நோயில்லை. மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் நீர் ஊற்றிவிட்டு விட வேண்டும். அளவு மீறினால் வேர் அழுகும். ஆனால் மொட்டைக் குச்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தமிழ் வீட்டில் யாராலும் முடிவதில்லை. பெரியம்மா ஊரிலிருந்து புளித்த மோர் ஊற்றச் சொல்வார். முற்றத்துச் செடிக்கு அது நல்ல வைத்தியமாக இருக்கலாம். ஜன்னல்கள் ஏப்ரல் வரை திறக்காத வீட்டில் அதன் பலனைச் செடிக்கு முன்பாக மூக்கு அறியும்.

குளிர்காலம் முழுவதும் இதிலிருந்து இலை பறிக்க அனுமதி இல்லை. சாம்பாருக்கும் சொதிக்கும் கடையில் காசு கொடுத்து ஒரு கட்டு வாங்கி வருவார்கள். செடி வளர்ப்பதன் நோக்கத்தைப் பற்றி இந்தக் காலத்தில் கேள்வி கேட்காமலிருப்பது நல்லது.

அக்டோபரில் நட வேண்டியவையும் உண்டு. உள்ளிப்பூண்டுப் பற்களைக் கூர்முனை மேலே இருக்கும்படி ஊன்றினால் அடுத்த ஜூலையில் பிடுங்கலாம். டியூலிப் கிழங்குக்குப் பூப்பதற்குக் குளிர் தேவை. அணிலுக்கோ டியூலிப் கிழங்கு தேவை. இராமர் முதுகில் தடவிக்கொடுத்த பரம்பரையைச் சேராத கறுப்பு அணில் இது. நட்டவர் கை கழுவுமுன் தோண்டிவிடும். நஞ்சுள்ள டாஃபோடில் கிழங்கை மட்டும் தொடாது.

மேப்பிள் இலைகளைக் கூட்டிப் பாத்திகளின் மேல் மூடாக்காகப் போடலாம்; மிஞ்சியதைக் காகிதப் பையில் கட்டி வாசலில் வைத்தால் மாநகராட்சி எடுத்துக்கொள்ளும். கூட்டி முடித்த மறுநாள் பக்கத்து வீட்டு மரம் தன் பங்கைச் செலுத்தும்.

கடைசி வேலை வெளிக்குழாய். ஹோஸைக் கழற்றி, உள்ளேயிருக்கும் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்துவிட வேண்டும். தேங்கிய நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து குழாயைப் பிளக்கும். பிளந்தது வசந்தத்தில் தண்ணீரைத் திறக்கும்போதுதான் தெரியவரும். அதையும் முதலில் வந்து சொல்பவர் பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்.