கபாலியின் பழைய விலாசம்

கிரேக்கர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைத் துருக்கியர் வெடிமருந்துக் கிடங்காக்க, 1687-ல் வெனிசியர் அதன்மேல் குண்டு போட, கூரை பறந்தது. ஆனாலும் கற்கள் குன்றின் மேலேயே கிடந்தன. பிற்பாடு பலானோஸ் என்ற பொறியாளர் அவற்றைப் பொறுக்கி இரும்புக் கவ்வி போட்டுப் பிணைத்தார். இரும்பு துருப்பிடித்து உப்பிப் பளிங்கைப் பிளந்தது. இப்போது டைட்டானியம் போடுகிறார்கள். குண்டுக்குத் தப்பிய கல் நிபுணரிடம் மாட்டிக்கொண்டது.

மயிலாப்பூருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில், போர்த்துகீசியர் சாந்தோமில் காலூன்றிய 16-ஆம் நூற்றாண்டில் காணாமல் போயிற்று. கல்வெட்டுத் துண்டுகள் சில பின்னாளில் சாந்தோம் தேவாலயப் பக்கம் அகப்பட்டன. போர்த்துகீசியர் கோட்டையையும் 1670-களில் கோல்கொண்டாக்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். அதற்குள் கோயில் கல் ஏதும் இருந்திருந்தால், பாவம், அதற்கு இரண்டாம் முறை இடி.

சரி, நேரில் பார்த்தவரைக் கேட்போம் என்றால், கிடைப்பவர் ஏழாம் நூற்றாண்டு ஞானசம்பந்தர். குடத்தில் சாம்பலாக இருந்த பூம்பாவை என்ற பெண்ணை எழுப்பப் பதிகம் பாடினார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், ஊஞ்சல் என்று ஊர்த் திருவிழா ஒன்றையும் விடவில்லை. விமானம் எத்தனை முழம், மண்டபத்துக்கு எத்தனை தூண்? மூச்சே இல்லை. கட்டுமான அளவு கேட்டு எந்தப் பெண்ணும் உயிர்த்தெழ மாட்டாள் என்பது நியாயம்தான். ஆனால் நமக்கு மிஞ்சியது வரைபடமல்ல, காலண்டர். 15-ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதரோ, கடலோரம் என்று விலாசத்தோடு முடித்துக்கொண்டார்.

மயிலாப்பூர்க்காரர்கள் கலங்கவில்லை. கடலை விட்டு உள்ளே தள்ளி, சுவாமியை மேற்குப் பார்க்க வைத்துப் புதுக்கோயிலே கட்டிவிட்டார்கள். சுமார் 120 அடிக் கிழக்குக் கோபுரம் 1906-ல்தான் வந்தது. பழையது எப்படி இருந்தது என்று ஸ்தபதி ஏன் கவலைப்பட வேண்டும்? ஒரு அளவு கையில் இருந்தால் மீதியை ஆகமக் கணக்கு தந்துவிடும். தூணின் அடிவிட்டத்தை வைத்து இடிந்த கிரேக்கக் கோயிலின் உயரத்தை ஊகிக்கும் பேராசிரியர்களும் இதே வித்தையைத்தான் செய்கிறார்கள், நிதியுதவியோடு.

காலண்டர் மட்டும் பிழைத்தது. ஓணத்தை மலையாளிகளிடம் விட்டுவிட்டோம். பங்குனி அறுபத்துமூவர் விழா அன்று காலை பூம்பாவை தவறாமல் எழுந்துவிடுகிறாள். மாசி மகத்துக்குக் கபாலி கடலுக்குப் போகிறார். பழைய மனை எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கும். டேப் பிடிக்கத்தான் யாரும் கூடப் போவதில்லை.