வடக்கே ஊர் பார்த்தல்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் பஸ் பயணம் பற்றிய ஓர் ஆய்வு

'ஊர் பார்த்தல்' என்பது கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் வாடகை பஸ் பிடித்து வடக்கே போய்வரும் கூட்டுச் செயலைக் குறிக்கும். மலாயில் இதற்கு ரொம்போங்கான் என்று பெயர். 'வடக்கு' என்றால் பேராக், பினாங்கு, கெடா. பெர்லிஸும் வடக்கில்தான் இருக்கிறது. ஆனால் அதுவரை போன பஸ் அபூர்வம். சுண்ணாம்புக் குன்றும் காடும் மலையுமாகக் கிடக்கும் இந்த நிலத்தின் கரையோரத்தில் லூமுட், பங்கோர், கோலா செப்பெத்தாங், ஜார்ஜ்டவுன், கோலா கெடா என்று கோட்டையாலும் துறைமுகத்தாலும் பேர்பெற்ற ஊர்கள் வரிசையாக உள்ளன. இவற்றைப் பார்ப்பதாகச் சொல்லித்தான் தலைக்கு இத்தனை வெள்ளி என்று வசூல் நடக்கும். போனவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

புறப்பாட்டிலிருந்து தொடங்கலாம். அறிவிப்பில் உள்ள 'இரவு 10 மணி' என்பது கடைசி ஆள் குளிக்கப் போகும் நேரம். பஸ் நகர்வது பெரும்பாலும் அடுத்த தேதியில். பயணத்தின் முதல் வரலாற்றுச் சர்ச்சையும் இங்கேயே எழுகிறது. கிள்ளானில் ஏறியவர்களுக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ் போய் ஆள் ஏற்றுவது வீண் சுற்று. தலைநகருக்குள் நுழையாமலே விரைவுச்சாலையைப் பிடித்து வடக்கே திரும்பிவிடலாம் என்பது அவர்கள் கட்சி. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களோ, எந்தப் பயணமும் தங்கள் வாசலில்தான் தொடங்க வேண்டும் என்று நினைப்பவர்கள். கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் நாலு மணிச் சொச்சத்தில் பட்டர்வொர்த் என்று சொல்லவும் செய்வார்கள். சொல்வதோடு சரி. நாற்பது பேருக்கான மீகூன் சட்டியையும் ஐஸ் பெட்டியையும் முறுக்கு டின்னையும் ரயிலில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை விடை இல்லை.

மூன்று நாளைக்கென்று கட்டிய சாடின் சம்பல் ரொட்டி, தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும்.

இனி நிலவியல். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுதாகத் திறக்கப்பட்டது. அது கரையை விட்டு உள்ளே தள்ளி, தாப்பா, கோப்பெங், ஈப்போ என்று மலையடிவாரமாகவே ஓடுகிறது. எனவே கடலோர ஊர்களைக் காணப் போகும் பஸ் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் கடலைக் காணாமலே போகிறது. கரையோரமாகப் பழைய ஐந்தாம் எண் சாலை இருக்கிறது. காப்பார், கோலா சிலாங்கூர், சபாக் பெர்ணம், 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம் நிற்கும் தெலுக் இந்தான், சித்தியவான் என்று அது ஊர் ஊராக நின்று போகும். நேரமாகும் என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். இதில் மிச்சமாகும் நேரம் தாப்பா ஓய்விடத்துக் கழிப்பறை வரிசையில் செலவாகிறது.

மலையின் கதையும் இதுதான். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் பலகோடி ஆண்டுப் பழமையானவை. அவற்றுக்கு அப்பால் கோலாகங்சார் போகும் வழியில் மலையைக் குடைந்த மேனோரா சுரங்கம். பஸ் இந்த இடங்களைக் கடக்கும்போது மணி விடியற்காலை மூன்று இருக்கும், ஜன்னல் திரை இழுத்திருக்கும், வாய் பிளந்திருக்கும். வடக்கின் கரடுமுரடு அனைத்தையும் முழுதாகப் பார்த்த ஒரே தமிழர் டிரைவர்தான். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

தாப்பாவில் தலை எண்ணும் வழக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏற்பாட்டாளர் பெயர்ப் பட்டியலும் கையுமாக நடுவழியில் நடந்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். ஓர் ஆள் குறைவது சாதாரணம். கூடுவதும் உண்டு.

"நாப்பத்தொண்ணு வருதே. அக்கா, கடைசி சீட்டுல யாரு?"

"தெரியலயே தம்பி. போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறாரு."

பக்கத்தில் நிற்கும் வேறொரு பஸ்ஸில், இதே நிறத்துத் திரை போட்ட பஸ்ஸில், அப்போது ஓர் ஆள் குறைந்திருக்கும்.

பினாங்குப் பாலம் 1985இல் திறந்தது, நீளம் 13.5 கிலோமீட்டர். கடல் முதன்முதலாகக் கண்ணில் படும் இடம் இதுவே. "பாலம்! பாலம்!" என்ற கூச்சலில் எல்லாரும் எழுந்து, எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து, எல்லாரும் கண்ணாடியில் தெரியும் தங்கள் முகத்தையே படம் பிடிப்பார்கள். விடியாத நேரத்தில் தீவில் இறங்கினால் திறந்திருப்பவை இரண்டே: கோயில், ரொட்டிக் கடை. எனவே முதலில் தண்ணீர்மலை. மேலே இருக்கும் பாலதண்டாயுதபாணிக்கு 513 படி. எண்ணிக்கொண்டே ஏறுவோர் ஒருவருக்கொருவர் ஒத்துப்போனதாகத் தகவல் இல்லை. முந்நூறைத் தாண்டியதும் யாராவது "தண்ணி போத்தல் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்பார், பதில் சொன்னவருக்குக் கணக்குப் போச்சு.

ஜார்ஜ்டவுனின் வரலாறு சுருக்கமாக: 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனி பேரில் எடுத்துக்கொண்டார், 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே நடந்தவை, ஊர் பார்ப்போரின் கணக்கில் நாசி கண்டாரில் அடங்கும். காவடித் தண்டுபோல் தோளில் கம்பு வைத்து, இரு பக்கமும் சோற்றுக் கூடையும் கறிச் சட்டியுமாகத் தமிழ் முஸ்லிம்கள் விற்று வந்த சோறு இது. அந்தக் கம்பின் பேரே சோற்றுக்கும் நின்றது. பிரிக்ஃபீல்ட்ஸில் நடக்கும் தூரத்தில் இதே சோறு கிடைக்கும், வரிசையும் சிறிது. ஆனால் அது கணக்கில் சேராது. குழம்பு எல்லாவற்றையும் கலந்து 'பஞ்சிர்' என்று தட்டு மூழ்க ஊற்றி, பினாங்கு வெயிலில் ஒரு மணி நேரம் நின்று வாங்கினால்தான் சாப்பிட்டதாகப் பதிவாகும்.

கார்ன்வாலிஸ் கோட்டை இதற்கு அடுத்தபடி. முதலில் நிபோங் பனை மரத்தால் வேலி போட்டு, பிறகு கைதிகளின் உழைப்பில் செங்கல்லால் எழுப்பிய நட்சத்திர வடிவக் கோட்டை. இன்றுவரை ஒரு போரையும் பார்த்ததில்லை. போர் பார்க்காத கோட்டையை ஊர் பார்க்க வந்தவர்களும் பார்ப்பதில்லை. எதிரே திடலோரம் பசெம்பூர் என்ற தின்பண்டம் கிடைக்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் கழிப்பறை தேடிப் போன பெரியம்மாக்கள்.

அவர்களால்தான் இந்த ஆய்வுக்கு முக்கியமான சான்று கிடைக்கிறது. கோட்டையில் ஸ்ரீ ரம்பாய் என்ற வெண்கலப் பீரங்கி இருக்கிறது. 1603இல் டச்சுக்காரர் வார்த்தது. பிள்ளை வரம் கேட்போர் அதன் வாயில் பூ வைப்பது பழைய வழக்கம். பூவைக் கண்டால் பெரியம்மா அடுத்து என்ன செய்வார் என்று சொல்லத் தேவையில்லை. கொண்டையிலிருந்து ஒரு முழம் கிள்ளி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மருமகள் பேரைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார். இந்தப் பீரங்கி டச்சுக்காரரிடமிருந்து ஜொகூர் சுல்தானுக்கும், அங்கிருந்து அச்சே படைக்கும், பிறகு சிலாங்கூருக்கும் கைமாறியது. 1871இல் கடற்கொள்ளையரைத் துரத்தி வந்த பிரிட்டிஷ் கப்பல் கோலா சிலாங்கூரைச் சுட்டுத் தகர்த்தபோது, பீரங்கியையும் அள்ளிக்கொண்டு போனது. பினாங்கில் அதைக் கரையோரக் கடலில் போட்டுவிட்டு, ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே எடுத்தார்கள். ஆக, கிள்ளான் பெரியம்மா ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, பூ வைத்துக் கும்பிட்டது தன் மாநிலத்துப் பீரங்கியை. அது முன்பு இருந்த குன்று அவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். ஒதுக்கிவிட்ட ஐந்தாம் எண் சாலையில்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள் கடாரம், அதாவது கெடா. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருப்பார். கராவோக்கே மைக் அவர் கைக்குப் போனதும், சுங்கை துவா டோலில் தொடங்கிவிடும் உரை. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்தது, அவன் கடாரம் கொண்டான் என்று பேர் பூண்டது, பட்டினப்பாலையில் வரும் காழகத்துக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் எழுதியது, படையெடுப்புக்குச் சுமார் இருபது ஆண்டு முன்னால் அதே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுத்தபோது சோழர் ஊரையே மானியமாக விட்டது. கடைசிச் செய்தி பலருக்குப் புதிது. ஆனால் அதற்குள் மைக்கைப் பின்சீட்டுக்காரர்கள் கேட்டுவிடுவார்கள்.

1,217 மீட்டர் உயர ஜெராய் மலை ஒரு காலத்தில் கடலோடிகளுக்கு அடையாளமாக நின்றது. அதன் அடியில் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும், 1960வாக்கில் கல் கல்லாக அடுக்கி மீட்டெடுத்த புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்ற பழங்கோயிலும் உள்ளன. கூரை இல்லாத கல் மேடை. தூண் நின்ற குழிகள். பெரியவர்கள் சிறிது நேரம் மௌனமாக நிற்பார்கள். பெருமையா வெயிலா என்று பிரித்தறிவது கடினம். பக்கத்து ஓடையில் பிள்ளைகள் அதற்குள் நனைந்து முடித்திருப்பார்கள். துறைமுகம் எங்கே என்று கேட்கும் பிள்ளை ஒன்று உண்டு, ஆற்று வண்டல் சேர்ந்து கரை விலகிப்போனதைச் சொன்னால், "அப்ப கடல் ஊர்னு ஏன் சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்கும். கோலா கெடாவில் கடலும் உண்டு, 1821இல் சயாம் படை தாக்கிய கோட்டையும் உண்டு. அங்கே போக நேரம் இருக்காது.

திரும்பும் வழியில் கோலா செப்பெத்தாங், பழைய போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து இங்கே வந்தது. தண்டவாளம் இப்போது இல்லை. நிலையத்துப் பெயர்ப்பலகை மட்டும் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நாலு எழுத்திலும் நிற்கிறது. தமிழ் எழுத்தைக் கண்டதும் பஸ் முழுவதும் இறங்கிப் படம் எடுக்கும். பயணத்திலேயே நூற்றுக்கு நூறு பேரும் பார்த்தது இந்தப் பலகை ஒன்றுதான் என்று துணிந்து கூறலாம். ரயில்வேயில் வேலை பார்த்த பிரிக்ஃபீல்ட்ஸ் தாத்தா மட்டும் இறங்கமாட்டார். கோலாலம்பூர்–கிள்ளான் பாதை 1886இல் வந்தது. ஒரே ஒரு வருஷத்தில் முதலிடம் போனது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

பங்கோர், படகு நேரம் ஒத்துவந்தால். டச்சுக்காரர் 1670இல் கட்டி, 1743இல் திரும்ப எழுப்பி, 1748இல் விட்டுப்போன சிறு கோட்டை ஒன்று அங்கே உள்ளது. ஊர் பார்ப்போர் அதன் எதிரில் கருவாடு வாங்குவர்.

இறுதியாக, கொண்டுவரும் பொருள்கள். ஜாதிக்காய் ஊறுகாய், தாவ் சார் பியா பிஸ்கட், பெலாச்சான், மேற்படி கருவாடு. ஏர்கண்ட் போட்ட பஸ்ஸில் பின்னிரண்டும் சேர்ந்தால் ஈப்போ வரை ஒரு சச்சரவு, அதன்பின் பழகிவிடும். அதிகாலையில் கிள்ளான் பாலம் ஏறும்போது, ஊருக்குள் குன்றின்மேல் ராஜா மஹாடி கோட்டை வாசல் இருக்கிறது. 1867இல் தொடங்கிய கிள்ளான் போரின் மிச்சம். அப்போது எல்லாரும் சீட்டுக்கடியில் செருப்பு தேடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த விடுமுறைக்கு மலாக்கா என்று ஏற்பாட்டாளர் முன்சீட்டிலிருந்து அறிவிப்பார். அது தெற்கு, இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே.