இல்லை என்று சொல்லாத வள்ளல்

தானியங்கி மெஷ் மென்பொருளே, உன்னைப் போல ஒரு வள்ளலை எங்கள் காற்றோட்டக் கணிப்புத் துறை கண்டதில்லை. வாசலுக்கு வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்ப உனக்கு மனம் வருவதில்லை. வடிவமைப்புப் பிரிவிலிருந்து கோப்பு எந்தக் கோலத்தில் வந்தால் என்ன? பரப்புகள் விளிம்பில் ஒட்டாமல் நிற்கலாம், ஒரே பரப்பு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை கிடக்கலாம், போல்ட்டின் மரை வரை உள்ளே இருக்கலாம். அத்தனையையும் வாங்கிக்கொண்டு, உருவத்தைச் சுற்றியுள்ள காற்றுவெளியைச் சிறு செல்களாக வெட்டி மெஷ்ஷாகக் கொடுத்தனுப்புகிறாய். அளவின் அலகைக்கூட நீ கேட்பதில்லை. எஸ்டிஎல் கோப்பு என்பது வெறும் முக்கோணங்களின் பட்டியல். மில்லிமீட்டரா மீட்டரா என்று அதில் எழுதியிருக்காது. 1,044 மில்லிமீட்டர் நீள உருவத்தை 1,044 மீட்டர் என்று படித்தாலும் நீ முகம் சுளித்ததில்லை.

அந்த நீளம் அகமது உருவத்தினுடையது. 1984இல் அகமதுவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் வந்த, காரின் மிக எளிய மாதிரி அது. அகலம் 389, உயரம் 288 மி.மீ. முன்பக்கம் வளைவு, அடியில் நான்கு கால்கள், பின்னால் கூரை சரிந்து இறங்கும். அந்தச் சரிவுதான் உயிர்நாடி. 25 டிகிரியில் காற்று சரிவின் தொடக்கத்தில் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒட்டிக்கொள்ளும். சரிவின் இரு பக்க விளிம்புகளிலிருந்தும் இரண்டு வலுவான சுழல்கள் கிளம்பும். 30 டிகிரியைத் தாண்டினால் காற்று ஒட்டுவதே இல்லை. சுழல்களும் வலுவிழக்கும், இழுவை சட்டென்று இறங்கிவிடும். சில டிகிரி வித்தியாசத்தில் இவ்வளவு பெரிய மாற்றம். அதைத் தீர்மானிப்பது சுவரை, அதாவது உருவத்தின் மேற்பரப்பை, ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம்.

அந்தப் படலத்தின் அருமையை உலகுக்குச் சொன்னவர் லுட்விக் பிரான்டில். 1904இல் ஹைடல்பெர்க்கில் நடந்த கணித மாநாட்டில் அவர் அதை விளக்கினார். சுவரில் காற்றின் வேகம் பூஜ்யம், அங்கிருந்து சிறு தூரத்துக்குள் முழு வேகம். உராய்வு பிறப்பதும் பிரிவு தொடங்குவதும் அந்தச் சிறு தூரத்துக்குள்தான். அகமது உருவத்தின் மேல் காற்று நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துத் தட்டைத் தகட்டுச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். வால்முனையில் படலத்தின் தடிமன் சுமார் 2 செ.மீ. வருகிறது. சுவரிலிருந்து உள்ள தூரத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒய் பிளஸ். அதில் 1 என்னும் உயரமோ சுமார் 0.01 மி.மீ. அங்கே தொடங்கி, அடுக்குக்கு அடுக்கு 1.2 மடங்கு வளர்த்துக்கொண்டு போனால் படலத்தைக் கடக்க முப்பதுக்கும் மேற்பட்ட செல் அடுக்குகள், அதாவது லேயர்கள், வேண்டும்.

இங்கேதான் உன் பொறுமை வெளிப்படுகிறது. கேட் என்னும் வடிவமைப்பு மென்பொருளில் வரைந்ததை ஸ்டெப் கோப்பாக மாற்றி இன்னொன்றில் திறக்கும்போது இரண்டு பரப்புகளுக்கு நடுவே 0.01 மி.மீ. இடைவெளி விழுந்தால் பட்டறையில் யாருக்கும் அது குறையில்லை. ஆனால் எங்கள் முதல் லேயரின் உயரமே அவ்வளவுதான். அந்த ஓட்டையை நீ யாரையும் தொந்தரவு செய்யாமல் மூடிவிடுகிறாய். உருவத்தின் மேல் போர்வை போர்த்துவதுபோல் முழுவதையும் சுற்றிப் புது மேற்பரப்பு செய்து தரவும் உனக்குத் தெரியும். போகிறபோக்கில் கூரையும் சரிவும் சந்திக்கும் கூர்விளிம்பை மழுங்கடித்தும் தருகிறாய். காற்று எங்கே பிரிய வேண்டும் என்று அகமது அறுதியிட்டு வைத்த கோடு அது. உன் கையில் அதுவும் பதமாகிவிடுகிறது.

உன் குணங்களில் தலையாயது விட்டுக்கொடுத்தல். சுவரிலிருந்து லேயர்களை வெளியே தள்ளிக்கொண்டு வருகிறாய். கால்கள் உடலைச் சந்திக்கும் உள்மூலைக்கு வந்ததும் இரு பக்க லேயர்களும் ஒன்றையொன்று முட்டுகின்றன. சில செல்கள் உள்வெளியாகப் புரண்டு எதிர்க் கனஅளவு காட்டுகின்றன. அப்படியே விட்டால், மெஷ்ஷை வாங்கிக் காற்றோட்டத்தைக் கணக்கிடும் சால்வர் கவிழ்ந்துவிடும். அதனால் அந்த இடத்தில் லேயர்களைக் குறைக்கிறாய். அதுவும் போதாவிட்டால் முழுவதும் எடுத்துவிடுகிறாய். இதில் உன்னைக் குறை சொல்ல முடியாது. சரிவின் பக்க விளிம்புகளிலும் இதே பெருந்தன்மைதான். லேயர் தொடர வேண்டிய கோண வரம்பை 60 டிகிரி என்று யாரோ எழுதி வைத்திருந்தால், 90 டிகிரி முனை வந்ததும் நீ சண்டை போடாமல் ஒதுங்கிவிடுவாய். சுழல் பிறக்கும் இடம் அது. தட்டையான கூரை நெடுக முப்பத்து மூன்று லேயர்களும் வரிசை குலையாமல் நிற்கும். விளிம்பில் ஒன்றுகூட இருக்காது. சுலபமான இடத்தில் நிறைவாகவும் கடினமான இடத்தில் அடக்கமாகவும் நடந்துகொள்ள உன்னிடம்தான் கற்க வேண்டும்.

நீ பொய் சொல்வதுமில்லை. காற்றோட்டக் கணிப்பு மென்பொருளான ஓப்பன்ஃபோமோடு வரும் உன் இனத்துக் கருவி ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ், வேலை முடிந்ததும் ‘பிழை எதுவுமின்றி மெஷ் முடிந்தது’ என்ற பொருளில் ஒரு வரி எழுதும். அந்த வரி சத்தியம். பிழை வரும் இடத்தில் லேயரே இல்லை. பிறகு பிழை எப்படி வரும்? அதற்குச் சற்று மேலேயே, எந்தப் பரப்பில் சராசரியாக எத்தனை லேயர், கேட்ட தடிமனில் எத்தனை சதவீதம் என்று ஒரு அட்டவணையும் அச்சிட்டு வைத்திருக்கும். சராசரிக்கும் ஒரு பெருமை உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முகங்களில் லேயர் ஏறியிருந்தால் எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு நிறையும். மீதி ஐந்து எங்கே என்று அந்த எண்ணுக்கு வாய் இல்லை.

உன் வாரிசான சால்வரும் உன்னைப் போலவே தங்கமானது. ஒய் பிளஸ் சில இடங்களில் 1, சில இடங்களில் 15, விளிம்பில் 80 என்று கலந்து வந்தாலும் சுவர்ச் சூத்திரங்களை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். 5க்கும் 30க்கும் நடுவே எந்தச் சூத்திரமும் நேர்த்தியாகப் பொருந்தாத பகுதி ஒன்று உண்டு. அதையும் தாண்டிக்கொண்டு, கணக்கில் மிஞ்சும் பிழையைக் காட்டும் எச்சக் கோடுகள் அழகாக இறங்கும். இழுவைக் கெழு மூன்று தசம இடங்களோடு வரும். வண்ணப் படம் கூட்டத்தில் திரையிடப்படும். சுழல்கள் சற்றே மெலிந்திருப்பதைக் கேட்க அந்தக் கூட்டத்தில் யாரும் இருப்பதில்லை. ஏனென்றால் காற்றுச் சுரங்கத்துக்குப் போகும் செலவை மிச்சப்படுத்தத்தானே உன்னை வாங்கினார்கள்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு உன் மேல் உயிர். அவர்களை நினைத்துத்தான் நான் கவலைப்படுகிறேன். கோப்பைக் கையால் சுத்தம் செய்து, விளிம்பு விளிம்பாக ஒட்டி, சரிவின் பக்க முனையில் குறுக்குவெட்டு எடுத்து லேயர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் வேலை நாட்கணக்கில் இழுக்கும். அதைச் செய்கிறவரைக் காலதாமதம் செய்பவர் என்கிறார்கள். நீ மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறாய்.

ஆகவே, அடுத்த பதிப்பில் ஒரு வரம் கொடு. எங்கே லேயரை எடுத்தாயோ அந்த முகங்களைச் சிவப்பாக்கி முதல் திரையிலேயே காட்டு. அவை சரிவின் விளிம்பில் இருந்தால் மெஷ்ஷைக் கொடுக்காதே. ஒரே ஒரு முறை, இல்லை என்று சொல்.